வில்ம்ஸ் கட்டி: 90 சதவீதம் குணமாகும்போது இன்னும் என்ன ஆராய்ச்சி பாக்கி?

அரும்பு
4 ஆகஸ்ட் 2025, காலை 10.20

குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பங்கு வில்ம்ஸ் கட்டிதான். பணக்கார நாடுகளில் 100-க்கு 90 பேர் பிழைக்கிறார்கள். மருந்துகளும் அரை நூற்றாண்டாக அதேதான்: வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், டாக்சோரூபிசின். இது தீர்ந்துபோன கணக்கு என்பது என் எண்ணம். புதுக் கட்டுரைகளில் மரபணுப் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன, வார்டில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கூடவே ஒரு பழைய சந்தேகம். ஐரோப்பாவில் முதலில் கீமோ, அமெரிக்காவில் முதலில் ஆபரேஷன். இத்தனை வருடமாகியும் எது சரி என்று ஏன் முடிவாகவில்லை?

தென்கரை
4 ஆகஸ்ட், பகல் 1.05

தீரவில்லை. 90 என்பது சராசரி. அதற்குள் குறைந்த மருந்திலேயே குணமாகிவிடும் குழந்தை இருக்கிறது, அதற்குத் தேவைக்கு மேல் போகிறது. எல்லா மருந்தையும் கொடுத்தும் போதாத குழந்தையும் இருக்கிறது. இவர்களைச் சிகிச்சை தொடங்கும்போதே பிரித்தறிய முடியுமா என்பதுதான் கடந்த 30 வருட ஆராய்ச்சியின் மையக் கேள்வி. மருந்து பழையது, யாருக்கு எவ்வளவு என்ற அறிவு புதியது.

வார்டில் மாறியதற்கு ஒரே ஒரு உதாரணம். சியாப், அதாவது முதலில் கீமோ கொடுக்கும் ஐரோப்பிய வழிக் குழு, நடத்திய 93-01 ஆய்வில், கீமோவுக்குப் பின் ஆபரேஷன் செய்து முதல் ஸ்டேஜ் என்று தெரிந்த, நுண்ணோக்கியில் நடுத்தர அபாயம் என்று பட்ட குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய கீமோ 18 வாரமா, 4 வாரமா என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 410 குழந்தைகள். 4 வாரம் போதும் என்று 2004-இல் வெளிவந்தது. 14 வார ஊசி மிச்சம். ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் அலைவது மூன்று மாதத்துக்கு மேல் குறைகிறது. இதை மாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது.

தென்கரை
4 ஆகஸ்ட், இரவு 9.40

அடுத்தது டாக்சோரூபிசின். இதயத் தசையைப் பாதிக்கும் மருந்து. பாதிப்பு மொத்த அளவோடு ஏறும், 15, 20 வருடம் கழித்தும் வெளிப்படும். சியாப் 2001 ஆய்வில் இரண்டாம், மூன்றாம் ஸ்டேஜ் நடுத்தர அபாயக் குழந்தைகள் 583 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டாக்சோரூபிசின் சதுர மீட்டருக்கு 50 மி.கி. வீதம் 5 முறை, மொத்தம் 250 மி.கி. இன்னொரு பிரிவுக்கு அது இல்லவே இல்லை.

2 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: மருந்து பெற்றவர்களில் 92.6 சதவீதம், பெறாதவர்களில் 88.2. ஆனால் 5 வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 96.5-க்கு 95.8. அதாவது, மருந்தை நிறுத்தினால் 100-க்கு 4 குழந்தைகளுக்குக் கூடுதலாக நோய் திரும்புகிறது, அவர்களில் பெரும்பாலோரை அடுத்த சுற்றில் மீட்டுவிட முடிகிறது. 2015-இல் லான்செட் இதழில் வந்தது.

பொன்னி
5 ஆகஸ்ட், காலை 7.15

அந்த 4 குழந்தைகளை அவ்வளவு லேசாகக் கடக்க முடியாது. நோய் திரும்பினால் அடுத்த சுற்றில் வருவது சைக்ளோஃபாஸ்ஃபமைடு, கார்போபிளாட்டின், எடோபோசைடு, கூடவே ரேடியேஷன். அந்தக் குழந்தைக்கு நாம் மிச்சப்படுத்தியது எதுவுமில்லை. 96 குழந்தைகளின் இதயத்துக்காக 4 குழந்தைகள் கொடுக்கும் விலை அது. திரும்பியதும் உடனே கண்டுபிடிக்க ஸ்கேன் வசதியும், தவறாமல் வரும் குடும்பமும் வேண்டும். அது இல்லாத ஊரில் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தென்கரை
5 ஆகஸ்ட், பகல் 12.30

பொன்னி சொல்வது நியாயம். சியாப்பின் 2016 அம்பிரெல்லா நெறிமுறையிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய கீமோ முடிந்த பிறகும் கட்டியின் கன அளவு 500 மி.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால், இரண்டாம் மூன்றாம் ஸ்டேஜில் டாக்சோரூபிசின் திரும்ப வருகிறது. இணைப்புத் திசு மிகுந்த ஸ்ட்ரோமா வகைக்கும் குழாய்த் திசு மிகுந்த எபிதீலிய வகைக்கும் விலக்கு. அவை கீமோவில் சுருங்காது, ஆனாலும் பெரும்பாலும் நல்ல விதமாகவே முடியும். அங்கே பெரிய கட்டி என்பது மோசமான கட்டி என்று பொருள்படாது.

கன அளவு கணக்கிடுவது இப்படி: மூன்று திசை அளவுகளையும் செ.மீ.யில் பெருக்கி, 0.523-ஆல் பெருக்க வேண்டும். 12, 10, 9 என்றால் சுமார் 565 மி.லி. ஒரு திசையில் 1 செ.மீ. குறைத்து அளந்தாலே 500 என்ற கோட்டை நெருங்கிவிடும், இரண்டு திசையில் குறைத்து அளந்தால் கோட்டுக்குக் கீழே போய்விடும். ரேடியாலஜி அறிக்கையில் இரண்டு திசை மட்டும் எழுதியிருந்தால் மூன்றாவதைக் கேட்டு வாங்குங்கள்.

குயவன்மேடு
5 ஆகஸ்ட், மாலை 4.50

அறுவைப் பக்கத்திலிருந்து அரும்புவின் இரண்டாவது கேள்விக்கு.

சியாப் வழி: 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை, படத்தில் வில்ம்ஸ் போலவே இருக்கிறது, சிறுநீரில் கேட்டகோலமின் (நியூரோபிளாஸ்டோமா என்ற வேறு கட்டியில் ஏறும் பொருள்) இயல்பாக இருக்கிறது என்றால் பயாப்ஸி கட்டாயமில்லை. 4 வாரம் கீமோ கொடுத்துவிட்டு ஆபரேஷன். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் டாக்சோரூபிசினும் சேர்த்து 6 வாரம். கட்டி சுருங்கி, மேலுறை தடித்து நிற்கும்; கையில் உடைவது குறையும்.

சிஓஜி வழி, அதாவது அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழு, பழைய தேசிய வில்ம்ஸ் ஆய்வுக் குழுவின் வாரிசு: எடுக்க முடிகிற கட்டியை முதலிலேயே எடுத்துவிடு. கீமோ படாத திசு கிடைக்கும். உண்மையான ஸ்டேஜும் மரபணு நிலையும் தெரியும். வேறு நோய்க்கு வில்ம்ஸ் மருந்து போய்ச் சேரும் அபாயம் இல்லை.

பிரிட்டனில் யுகேடபிள்யூ3 ஆய்வு 205 குழந்தைகளை இரண்டு வழியாகவும் குலுக்கிப் பிரித்தது. உயிர்பிழைப்பு ஏறக்குறைய ஒன்றே. முதலில் கீமோ பெற்றவர்களுக்கு ஸ்டேஜ் இறங்கியதால், ரேடியேஷனோ டாக்சோரூபிசினோ தேவைப்பட்டவர்கள் 5-இல் ஒரு பங்கு குறைந்தார்கள். முடிவாகவில்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டும் சரி என்றுதான் முடிவாகியிருக்கிறது.

தென்கரை
5 ஆகஸ்ட், இரவு 10.10

இரண்டும் சரிதான், ஆனால் இரண்டையும் கலந்தால் தவறு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடைமுறையில் குழந்தைக்குக் கேடு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

கீமோவுக்குப் பின் வந்த முதல் ஸ்டேஜும் கீமோ படாத முதல் ஸ்டேஜும் ஒரே பெயருள்ள இரண்டு வேறு நிலைகள். முதலில் கீமோ கொடுத்து, கட்டியை எடுத்து, அதற்குச் சிஓஜி அட்டவணையைப் பார்த்தால் மருந்து தவறாகிவிடும். நேர்மாறாக, நேரடியாக எடுத்த கட்டிக்குச் சியாப்பின் 4 வார அட்டவணையைக் கொடுத்தால் பெரிய ஆபத்து. அந்தக் குழந்தை ஆபரேஷனுக்கு முன் பெற்றிருக்க வேண்டிய 4 வாரம் கணக்கிலேயே இல்லை. திசு வகையும் அப்படித்தான். பிளாஸ்டீமா, அதாவது முதிராத கருத்திசு, மிகுந்த கட்டி கீமோ படாத நிலையில் சாதாரணம். கீமோவைத் தாக்குப்பிடித்து பிளாஸ்டீமா மிஞ்சினால் அது உயர் அபாயம்.

ரேடியேஷன் அளவும் வேறு. சிஓஜியில் மூன்றாம் ஸ்டேஜ் விலாப்பக்கத்துக்கு 10.8 கிரே. சியாப்பில் நடுத்தர அபாயத்துக்கு 14.4, உயர் அபாயத்துக்கு 25.2. எந்த நெறிமுறை என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சாயத்தகடு
6 ஆகஸ்ட், காலை 8.25

பேத்தாலஜி மேசையிலிருந்து. ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் மரபணு வரிசைப்படுத்தும் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சரியாக நடக்காவிட்டால் இயந்திரத்தால் பயனில்லை.

எடுத்த சிறுநீரகத்தை ஆபரேஷன் தியேட்டரில் வெட்டிப் பார்க்கக் கூடாது. ஆர்வத்தில் நடுவே ஒரு கீறு போட்டால் கட்டி பிதுங்கி வெளியே வழியும், மேலுறை சுருங்கும், வெளி விளிம்பைக் கட்டி தொட்டதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். மூன்றாம் ஸ்டேஜா இரண்டாம் ஸ்டேஜா என்பது அந்த விளிம்பில் இருக்கிறது. ஃபார்மலின் படாமல் முழுதாக எங்களிடம் வர வேண்டும். எடை பார்த்து, படம் எடுத்து, மேற்பரப்பு முழுவதும் மை பூசி, மை உலர்ந்த பின் நீளவாட்டில் வெட்டுவோம். பிறகு உறைநிலைக்கு ஒரு துண்டு கட்டி, ஒரு துண்டு இயல்பான சிறுநீரகம், கரு எச்சம் (முதிராமல் மிஞ்சிய கருக்காலச் சிறுநீரகத் திசு) கண்ணில் பட்டால் அதிலும் ஒன்று. வெவ்வேறு தோற்றமுள்ள பகுதிகள் ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும்.

சாயத்தகட்டுக்கு, கட்டியின் நீளத்தில் செ.மீ.க்கு ஒரு துண்டாவது. ஒரு முழு வெட்டுப்பரப்பைக் கட்டம் கட்டி, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று படத்தில் குறிக்க வேண்டும். அனாபிளாசியா, அதாவது செல்கள் உருக்குலைந்த மோசமான நிலை, ஓரிடத்தில் மட்டுமா, பரவலாகவா என்பது இந்த வரைபடம் இல்லாமல் தீராது. அதற்கு மூன்று அடையாளங்கள்: மும்முனை, நான்முனையாகச் சிதறிய செல் பிளவுகள், பக்கத்து உட்கருவைப் போல மூன்று மடங்கு பெரிய உட்கரு, கருத்த நிறமேற்றம். மூன்றும் சேர்ந்து வேண்டும்.

குயவன்மேடு
6 ஆகஸ்ட், காலை 9.00

சாயத்தகடு சொன்னதோடு ஒன்று. நெறிக்கட்டிகள் எடுக்காமல் விடுவதுதான் அறுவையில் அதிகம் நடக்கும் விடுபடல். கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் எடுக்க வேண்டும், கண்ணை நம்ப முடியாது. அம்பிரெல்லா குறைந்தது 7 கேட்கிறது. நெறிக்கட்டி இல்லாத அறிக்கையில் ஸ்டேஜ் ஒன்று என்று எழுதினால் அது ஊகம். கீழ்ப் பெருஞ்சிரையில் கட்டியின் இரத்த உறைவு ஏறியிருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் இரத்த அழுத்தமும் வான் வில்லிபிராண்ட் என்ற இரத்த உறைதல் காரணியின் அளவும் பாருங்கள். வில்ம்ஸ் குழந்தைகளில் சிலருக்கு அந்த உறைதல் காரணி குறைந்திருக்கும், கட்டி போனதும் சரியாகிவிடும். தெரியாமல் தொடங்கினால் மேசையில் இரத்தம் நிற்காது.

அரும்பு
6 ஆகஸ்ட், பகல் 2.15

நன்றி. அப்படியானால் மரபணுவுக்கு வருகிறேன். டபிள்யூடி1, டபிள்யூடிஎக்ஸ், டிரோஷா, சிக்ஸ்1, ட்ரிம்28 என்று பட்டியல் நீள்கிறதே, இவற்றில் எது சிகிச்சையை மாற்றுகிறது?

தென்கரை
6 ஆகஸ்ட், இரவு 9.20

சிகிச்சையை நேரடியாக மாற்றுவது தனி மரபணுக்களைவிடக் குரோமோசோம் துண்டுகள்தான்.

ஐந்தாவது தேசிய வில்ம்ஸ் ஆய்வில், குரோமோசோம் 1-இன் குறுங்கையிலும் 16-இன் நெடுங்கையிலும் ஒரு பிரதி தொலைந்த கட்டிகள் அதிகம் திரும்புவது தெரிந்தது, 2005-இல் வெளியிட்டார்கள். அடுத்த தலைமுறை சிஓஜி ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்து தொலைந்தவர்களுக்கு மட்டும் மருந்தைக் கூட்டினார்கள். முதலிரண்டு ஸ்டேஜுக்கு டாக்சோரூபிசின் சேர்ந்தது. மூன்று, நான்குக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடும் எடோபோசைடும் சேர்ந்தன. பழைய குழந்தைகளோடு ஒப்பிட்டால் நோய் திரும்புவது குறைந்தது.

ஆனால் இந்த ஜோடி இழப்பு 100-க்கு ஐந்தாறு பேரிடம்தான் உண்டு. அதைவிடப் பரவலானது குரோமோசோம் 1-இன் நெடுங்கை கூடுதலாக இருப்பது. அதே ஐந்தாவது ஆய்வின் 1,114 கட்டிகளைத் திரும்பச் சோதித்ததில் 28 சதவீதத்தில் இருந்தது. 8 வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள், இது உள்ளவர்களில் 77 சதவீதம், இல்லாதவர்களில் 90. இன்றைய அமெரிக்க ஆய்வு இதைச் சிகிச்சைத் தேர்வுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

டபிள்யூடி1, ட்ரிம்28, ரெஸ்ட் போன்றவை வேறு விதத்தில் முக்கியம். அவை பிறவியிலேயே இருக்கலாம். இருந்தால் அடுத்த சிறுநீரகத்தையும், தம்பி தங்கைகளையும் கவனிக்க வேண்டும். டபிள்யூடி1 பிறவி மாற்றம் உள்ள குழந்தைக்கு மிச்சமிருக்கும் சிறுநீரகமே பிற்காலத்தில் செயலிழக்கும் வாய்ப்பு அதிகம். தேசிய வில்ம்ஸ் ஆய்வுப் பதிவுகளில் அப்படிச் செயலிழந்தது, டபிள்யூடி1 சார்ந்த பிறவிக் குறைபாடுகளில் ஒன்றான டெனிஸ்-டிராஷ் உள்ளவர்களில் 20 வருடத்தில் 74 சதவீதம், இன்னொன்றான வாகர் உள்ளவர்களில் 36 சதவீதம், எந்தக் குறைபாடும் இல்லாத ஒருபக்கக் கட்டிக்காரர்களில் 1 சதவீதத்துக்கும் கீழ். அதனால் அவர்களுக்கு நெஃப்ரான் காக்கும் ஆபரேஷன், அதாவது கட்டியை மட்டும் எடுப்பது, முதலிலேயே யோசிக்க வேண்டிய ஒன்று.

புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் கதை தனி. பரவலான அனாபிளாசியாவில் அது சிதைந்திருந்தால் போக்கு மோசம்.

சாயத்தகடு
7 ஆகஸ்ட், காலை 7.40

2019-இல் சயன்ஸ் இதழில் வந்ததை இங்கே சேர்க்க வேண்டும். கட்டிக்குப் பக்கத்தில், நுண்ணோக்கியில் முழுக்க இயல்பாகத் தெரியும் சிறுநீரகத்தை வரிசைப்படுத்தினார்கள். ஆராய்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம், கட்டிக்குத் தாயான ஒரு செல் அந்த இயல்பான திசுவிலேயே பெருகிப் பரவியிருந்தது. ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவைக் கட்டுப்படுத்தும் எச்19 பகுதியில் கூடுதல் மெத்திலேற்றம், அதாவது டிஎன்ஏ மேல் ஏறும் வேதிக்குறி. இரு சிறுநீரகத்திலும் கட்டி வந்த சில குழந்தைகளில் இந்தப் பெருக்கம் இடது வலது பிரிவதற்கு முன்பே, கருவிலேயே நடந்திருக்கிறது.

1972-இல் நட்சனும் ஸ்டிராங்கும் வில்ம்ஸ் வர மரபணுவில் இரண்டு அடி விழ வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார்கள். முதல் அடி இயல்பான தோற்றமுள்ள திசுவில் கண்முன் தெரிவது இப்போதுதான். நடைமுறையில் இதன் பொருள், ஒப்பீட்டுக்கு இயல்பான சிறுநீரகத்தை மட்டும் நம்பக் கூடாது, இரத்தமும் எடுத்து வைக்க வேண்டும். சிறுநீரகத்தையே இயல்பு என்று வைத்து ஒப்பிட்டால் இரண்டிலும் உள்ள மாற்றம் கழிந்துபோய் எதுவுமே இல்லை என்று விடை வரும்.

பொன்னி
7 ஆகஸ்ட், பகல் 11.30

எச்19 என்றதும் ஜப்பான் ஆய்வுகள் நினைவுக்கு வருகின்றன. அங்கே வில்ம்ஸே குறைவு. ஐஜிஎஃப்2 மரபணுவின் தந்தைவழி, தாய்வழி முத்திரை குலைந்த கட்டிகள் இன்னும் குறைவு. மேற்கத்தியக் குழந்தைகளின் அபாயக் குறியீடுகளை ஆசியக் குழந்தைக்கு அப்படியே பொருத்தலாமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. இந்தியக் கட்டிகளை இந்தியாவிலேயே பெருமளவில் வரிசைப்படுத்திப் பார்ப்பது அவசியம் என்பேன்.

மருந்தறை
7 ஆகஸ்ட், மாலை 5.05

மருந்தகத்திலிருந்து இரண்டு விஷயம். எந்த நெறிமுறையானாலும் இவை பிழைத்தால் மற்றது எதுவும் நிற்காது.

ஆக்டினோமைசின் மைக்ரோகிராமில். சியாப்பில் கிலோவுக்கு 45 மைக்ரோகிராம், ஒரு வேளைக்கு உச்சம் 2 மி.கி. 12 கிலோவுக்குக் கீழ் மூன்றில் இரண்டு பங்கு. 10 கிலோக் குழந்தைக்கு 450, அதில் மூன்றில் இரண்டு 300 மைக்ரோகிராம். 500 மைக்ரோகிராம் குப்பியில் பாதுகாப்புப் பொருள் கலக்காத 1.1 மி.லி. ஊசி நீர் சேர்த்தால் மி.லி.க்கு 500 மைக்ரோகிராம் வரும். அந்தக் குழந்தைக்கு 0.6 மி.லி. மைக்ரோகிராம் என்று முழுவதும் எழுதுங்கள், சுருக்க வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்ப்பது போதாது.

இந்த மருந்துக்குப் பிறகு எடை திடீரென ஏறி, கல்லீரல் வீங்கி வலித்து, பிளேட்லெட் ஏற்றியும் நிற்காமல் விழுந்தால் அது கல்லீரல் நுண்சிரை அடைப்பு. அடுத்த வேளை ஆக்டினோமைசினை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலப்பக்கக் கட்டிக்கு ரேடியேஷன் போகும் நாட்களில் இன்னும் கவனம்.

வின்கிரிஸ்டின் சதுர மீட்டருக்கு 1.5 மி.கி., உச்சம் 2 மி.கி. சிரிஞ்சில் அனுப்பாமல் சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து அனுப்பினால் தண்டுவடத்தில் தவறிப் போடும் விபத்து நடக்க வழியில்லை. அப்படிப் போட்டால் உயிர் போகும். பூஞ்சை மருந்துகளான இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் கூடவே ஓடினால் வின்கிரிஸ்டின் உடலில் தேங்கி மலச்சிக்கல், இமை சரிவு, பாதம் தொங்கல், வலிப்பு வரை போகும். கீமோ அட்டவணையில் பூஞ்சை மருந்துக்கு என்று ஒரு கட்டம் வையுங்கள்.

அரும்பு
8 ஆகஸ்ட், காலை 9.50

கிட்னியே எடுக்காமல், இரத்தத்திலும் சிறுநீரிலும் பார்த்து இதெல்லாம் தெரிந்துகொள்ளும் காலம் வருமா? சிறுநீரகக் கட்டிதானே, சிறுநீரில் எளிதாகக் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

தென்கரை
8 ஆகஸ்ட், பகல் 1.40

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். விடை நேர்மாறாக வந்தது. சிஓஜி 2022-இல் வெளியிட்டதில், மூன்றாம் நான்காம் ஸ்டேஜ் குழந்தைகள் 50 பேரில் 41 பேரின் சீரத்தில் கட்டியின் டிஎன்ஏ கிடைத்தது, சிறுநீரில் 13 பேரிடம் மட்டும். கட்டி சிறுநீர்ப் பாதையைத் தொடாமல் மேலுறைக்குள் வளர்வது ஒரு காரணமாக இருக்கலாம்.

பயன் எங்கே என்றால், சியாப் வழியில். பயாப்ஸி இல்லாமல் கீமோ தொடங்கும்போது மரபணு நிலை தெரியாது. முதல் ஊசிக்கு முன் எடுத்த இரத்தத்தில் 1-ஆம் குரோமோசோமின் நெடுங்கைக் கூடுதல் தெரிந்துவிட்டால், அந்தக் குறை பெருமளவு தீரும். இரண்டு கண்டங்களின் நெறிமுறைகளும் ஒன்றையொன்று நெருங்கிவர இதுதான் பாதை என்று நம்புகிறேன்.

செய்பவர்களுக்கு: இரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெள்ளணுக்கள் உடைந்து, குழந்தையின் சொந்த டிஎன்ஏ கலந்து, கட்டியின் பங்கு மூழ்கிப்போகும்.

பொன்னி
8 ஆகஸ்ட், இரவு 8.15

நான்காம் ஸ்டேஜ் நுரையீரல் ரேடியேஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தென்கரை
8 ஆகஸ்ட், இரவு 10.30

சொல்ல வேண்டியது. சிஓஜியின் 0533 ஆய்வில், நுரையீரலில் மட்டும் பரவிய நல்ல திசு வகை (அனாபிளாசியா இல்லாதது) குழந்தைகளுக்கு மூன்று மருந்து கொடுத்து 6-ஆம் வாரம் சிடி எடுத்தார்கள். முடிச்சுகள் முழுதாக மறைந்தது சுமார் 42 சதவீதம் பேருக்கு. அவர்களுக்கு நுரையீரல் ரேடியேஷன் விட்டுவிட்டார்கள். 4 வருடத்தில் நோயின்றி 79.5, உயிரோடு 96.1 சதவீதம். மறையாதவர்களுக்கு ரேடியேஷனும் கூடுதல் இரண்டு மருந்தும்: 88.5, 95.4. பொன்னி டாக்சோரூபிசினில் எழுப்பிய அதே கேள்வி இங்கேயும் நிற்கிறது. ஆனால் வளரும் பெண் குழந்தையின் மார்பில் 12 கிரே படாமல் தப்புவது பெரிய விஷயம்; பிற்கால மார்பகப் புற்று அபாயம் அதோடு போகிறது.

ஐரோப்பாவில் ராண்டோமெட் 2017 ஆய்வு, பரவிய நோய்க்குத் தொடக்க மருந்தையே மாற்றிப் பார்க்கிறது: வழக்கமான மூன்றுக்குப் பதில் வின்கிரிஸ்டின், கார்போபிளாட்டின், எடோபோசைடு. இதயத்தைக் காப்பது நோக்கங்களில் ஒன்று. கார்போபிளாட்டின் காதுக்கும் மிச்சச் சிறுநீரகத்துக்கும் சுமை என்பதையும் எடைபோட வேண்டும்.

குயவன்மேடு
9 ஆகஸ்ட், காலை 6.55

நம் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. அம்பிரெல்லா 3 மி.மீ. முடிச்சையே பரவல் என்று எடுக்கிறது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் 3, 4 மி.மீ. முடிச்சு பழைய காசத் தழும்பாகவும் இருக்கலாம். கீமோவுக்குப் பிறகு மற்ற முடிச்சுகள் கரைந்து ஒன்று மட்டும் அப்படியே நின்றால், ரேடியேஷனுக்கு அனுப்பும் முன் அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. சுண்ணாம்பு படிந்திருந்தால் இன்னும் சந்தேகம்.

தென்கரை
9 ஆகஸ்ட், பகல் 12.00

அரும்புவின் முதல் கேள்வியில் ‘பணக்கார நாடுகளில்’ என்று ஒரு சொல் இருந்தது. ஆராய்ச்சியின் இன்னொரு பாதி அங்கே இருக்கிறது.

2014-இல் ஆப்பிரிக்காவின் சில மருத்துவமனைகள், மலாவி, கானா, கேமரூன் உள்ளிட்டவை, சேர்ந்து ஒரே எளிய நெறிமுறையைத் தொடங்கின. எல்லோருக்கும் முதலில் கீமோ, ஏனென்றால் கட்டி பெரிதாகித்தான் வருகிறது. ஊட்டம் குன்றிய குழந்தைக்கு மருந்தளவு குறைப்பு. எடையைப் பார்த்து ஏமாறாமல் மேற்கைச் சுற்றளவை அளப்பது, கட்டியே இரண்டு கிலோ இருக்கலாம். குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவு, தங்க இடம், சாப்பாடு. புது மருந்து எதுவும் இல்லை. சிகிச்சையைப் பாதியில் விடுவது 23 சதவீதத்திலிருந்து 12 ஆனது. சிகிச்சை முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 52-இலிருந்து 68 ஆனார்கள். எந்த மரபணுக் கண்டுபிடிப்பும் இவ்வளவு குழந்தைகளை இத்தனை விரைவில் காப்பாற்றியதில்லை. பேருந்துக் கட்டணத்தை ஆராய்ச்சிச் செலவாக எழுதுவதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய் முயற்சியில் முன்னிறுத்திய ஆறு நோய்களில் வில்ம்ஸும் ஒன்று. 2030-க்குள் உலகம் முழுவதும் 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு.

சாயத்தகடு
9 ஆகஸ்ட், மாலை 6.20

இம்யூனோதெரபி பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வில்ம்ஸ் கட்டியில் மரபணு மாற்றங்கள் குறைவு, அதனால் தடுப்புக் கதவைத் திறக்கும் வகை மருந்துகளுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கட்டிச் செல்களின் மேல் உள்ள பி7-எச்3, கிளிபிகான்-3 புரதங்களைக் குறிவைக்கும் டி செல் சிகிச்சைகள் ஆரம்பகட்டச் சோதனையில் உள்ளன. நெதர்லாந்தின் உட்ரெக்டில் குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குட்டித் திசுக்களின் (ஆர்கனாய்டு) வங்கி 2020-இல் வெளியானது. மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தட்டில் சோதிக்க அது உதவும். நாள்தோறும் பார்க்கும் நோயாளிக்கு இவை இன்னும் வரவில்லை.

அரும்பு
10 ஆகஸ்ட், காலை 10.05

தீர்ந்துபோன கணக்கு என்று இனி எழுத மாட்டேன். கடைசியாக ஒன்று: சிகிச்சை முடிந்தபின் எத்தனை நாளுக்கு ஒருமுறை சிடி?

தென்கரை
10 ஆகஸ்ட், பகல் 12.45

சிடி வழக்கமாக வேண்டியதில்லை. நல்ல திசு வகையில் சிடியால் கண்டுபிடித்த மறுவரவுக்கும், மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்டால் கண்டுபிடித்ததற்கும் பிந்தைய உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை என்று 2018-இல் சிஓஜி காட்டியது. பெரும்பாலான மறுவரவு முதல் 2 வருடத்துக்குள். அதுவரை 3 மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். கரு எச்சம் உள்ளவர்களுக்கும், பிறவி டபிள்யூடி1 மாற்றம் அல்லது பெக்வித்-வீடமான் என்ற பிறவி மிகைவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அல்ட்ராசவுண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை ஏழாவது பிறந்தநாள் வரை.

டாக்சோரூபிசின் பெற்றவர்களுக்கு இதய எக்கோவும், எல்லோருக்கும் வருடந்தோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும். இது பெரியவர்களான பிறகும் தொடரும், அதனால் மொத்த டாக்சோரூபிசின் அளவு, ரேடியேஷன் பட்ட இடம், அளவு மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மருந்தறை
10 ஆகஸ்ட், பகல் 1.10

அதே பக்கத்தில் ஆக்டினோமைசினுக்குக் கல்லீரல் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேருங்கள். நோய் திரும்பினால் முதலில் தேடுவது அதைத்தான்.